வேப்பமரத்துப் பக்கம், மதில் பக்கம்

கல்லறைத் தோட்டத்து வேலையில் பாதி சுண்ணாம்பு கரைப்பது, மீதிப் பாதி, "எங்கப்பா எங்கிருக்காருங்க?" என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கை காட்டுவது.

பதினொரு வருடமாக இந்த இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன். சேலத்தில், கம்பி ஆலைகளுக்கும் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும் நடுவே, வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய சின்ன ஆலயம் ஒன்று இருக்கிறது. கனத்த சுவர், உயரமான ஜன்னல், எட்டு பெஞ்சு. அதன் பின்னால் கல்லறைத் தோட்டம். சபையின் பதிவேட்டில் என் பெயர் 'ஆலயப் பணியாளர் எஸ்தர்'. தெருவில் 'கல்லறைக்காரம்மா'. மணி அடிப்பது, பெருக்குவது, அடக்கப் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் நான்தான். குழி வெட்ட மட்டும் வெளியாட்கள் வருவார்கள். ரேஷன் கடையிலோ, மின்வாரியத்திலோ, பள்ளிக்கூட அலுவலகத்திலோ ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து பழகியவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கவுனும் கோட்டும்

தோட்டத்தின் முன்வரிசை வெள்ளைக்காரர்களுடையது. எல்லாம் கருங்கல். எழுத்துகளை உளியால் வெட்டியிருப்பதால் வெயில், மழை, ஆலைத் தூசி எதுவும் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. பின்வரிசைகள் நம்மவர்களுடையவை. செங்கல் கட்டி, சுண்ணாம்பு பூசி, மேலே பெயின்டில் பெயர் எழுதியிருக்கும். இப்போதெல்லாம் ஆராதனைக்கு வருகிறவர்களைவிடப் படம் எடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். கல்யாணத்துக்கு முந்தியே மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஜோடியாக நிறுத்திப் படம் எடுக்கிற பழக்கம் வந்ததிலிருந்து, "லண்டனாட்ட இருக்குதுங்" என்று சொல்லிக்கொண்டு போதகரிடம் அனுமதி வாங்கி வந்துவிடுகிறார்கள். அவர்களைப் புல்லிலும் முள்ளிலும் விழாமல் பார்த்துக்கொள்வது என் தலையில்.

ஒரு சித்திரை வெயிலில் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு ஜோடி வந்தது. பெண்ணுக்குத் தரையைப் பெருக்குகிற வெள்ளைக் கவுன், மாப்பிள்ளைக்குக் கழுத்துவரை கோட்டு. படக்காரர் இருவரையும் ஒரு கல்லறை ஓரமாக நிறுத்தினார். "கல்லறை தெரியுமே தம்பி?" என்றேன். "பின்னாடி மங்கலாக்கிருவோமுங்க்கா" என்றார். அதற்குள் அந்தப் பெண் குனிந்து, கல்லில் இருந்த ஆங்கிலத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். இருபத்தாறு வயதில் காய்ச்சலில் செத்துப்போன ஒரு துரை. படித்து முடித்ததும் நிமிர்ந்து மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள்.

"எங்க இவருக்கும் இருபத்தாறுதானுங்க. வேற எடம் பாக்கலாம்."

பக்கத்துப் பட்டறை

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் லாரி பாடி கட்டுகிற பட்டறை. விடிந்தால் தகரம் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நான் அடிக்கிற ஆலய மணி எனக்கே சந்தேகமாகத்தான் கேட்கும். ஆனால் முதலாளி நல்ல மனிதர், நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். அடக்கம் உள்ள நாளில் நான் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுத்தியல் எல்லாம் நின்றுவிடும். வேலை செய்கிறவர்கள் மதிலோரம் வந்து, தலைத்துண்டை எடுத்துவிட்டு நிற்பார்கள். சொந்தக்காரர்களே செல்போனை நோண்டிக்கொண்டு நிற்கிற அடக்கங்களைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

ஒருநாள் பெட்டி வரத் தாமதமாகி மதியம் பன்னிரண்டரை ஆகிவிட்டது. நான் போய்ச் சொன்னதும் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஜெபம் சின்னதுங்களா, பெருசுங்களா? பெருசுன்னா அப்படியே எல்லாத்தையும் சாப்பாட்டுக்கு உட்டர்றேன்."

நிழல் எழுத்து

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரம் பின்வரிசை முழுவதற்கும் சுண்ணாம்பு அடிப்போம். சுண்ணாம்பு அடித்தால் போன வருடத்துப் பெயர் மறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வருடமும் எல்லோருக்கும் புதிதாகப் பெயர் எழுத வேண்டும். முதல் வருடம் நானே எழுதினேன். "எங்கம்மா பேரு மேல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். ரோஷம் வந்துவிட்டது. பட்டறையில் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிற முருகேசனைக் கூப்பிட்டேன்.

முருகேசன் சிவப்பில் எழுதி, மஞ்சளில் நிழல் போட்டு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பூ வைத்தார். நாலாம் வரிசை முழுக்க நேஷனல் பெர்மிட் வண்டிகள் வரிசையாக நிற்பது போல ஆகிவிட்டது. குடும்பத்தாருக்கெல்லாம் பரம திருப்தி. சபைச் செயலாளர் மட்டும், "இது என்னங்க, லாரி ஸ்டாண்டா?" என்று முகத்தைச் சுளித்தார். முருகேசன் பிரஷைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"லோடு அடிக்கிற வண்டிக்கே நெழல் போட்டு எழுதறமுங்க. மனுசனுக்குப் போட்டா ஆகாதுங்களா?"

அந்த வருடத்து மழை

பெயர் மாறிப்போகாமல் இருக்க ஒரு முறை வைத்திருந்தேன். சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பெயரையும் ஒரு சீட்டில் எழுதி, அந்தந்தக் கல்லறை அடியில் கல் வைத்து அமுக்கிவிடுவேன். சுண்ணாம்பு காய்ந்ததும் முருகேசன் சீட்டைப் பார்த்து எழுதுவார். ஆறு வருடத்துக்கு முன்னால், திருநாளுக்கு முந்தின நாள், கொட்டு கொட்டென்று மழை. சீட்டெல்லாம் கூழாகிவிட்டது. பதிவேட்டைப் பார்க்கலாம் என்றால் அலமாரிச் சாவி செயலாளரிடம். அவர் ஆத்தூரில் ஒரு கல்யாணத்தில். பொழுது சாய்கிறது, முருகேசன் பிரஷோடு நிற்கிறார். எனக்குத் தெரியாத கல்லறையா என்று ஒரு திமிர். நடந்துகொண்டே கை காட்டிக் கை காட்டிப் பெயர் சொன்னேன்.

அந்த வருடம் நாலாம் வரிசையில் இரண்டு புதிய கல்லறைகள். ஒருவர் தாவீது வாத்தியார். மற்றவர் சாமுவேல், கம்பி ஆலையில் உலை வேலை பார்த்தவர். இருவரும் ஒரே வாரத்தில் இறந்தவர்கள். ஒரே கொத்தனார் ஒரே நாளில் இரண்டுக்கும் செங்கல் கட்டினார். இரண்டிலும் அதுவரை பெயர் எழுதியிருக்கவில்லை. இரண்டும் அடுத்தடுத்து; ஒன்று வேப்பமரத்துப் பக்கம், ஒன்று மதில் பக்கம். நான் வாத்தியாரை மரத்துப் பக்கமும் சாமுவேலை மதில் பக்கமும் காட்டினேன். அது தலைகீழ். அன்றைக்கு எனக்கும் தெரியாது, வேறு யாரும் சொல்லவும் இல்லை. அடுத்தடுத்த வருடங்களில் ஏற்கெனவே எழுதியிருந்த பெயரைப் பார்த்தே சீட்டு எழுதியதால், என் தவறு வருடத்துக்கு ஒருமுறை புதுப் பெயின்டில் பளபளத்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் முருகேசன் என்னைப் பார்த்து மலைத்துப்போய் நின்றார்.

"இத்தன பேரையும் மனசுலயே வெச்சிருக்கறீங்களே, பெரிய தலைங்க்கா உங்களுக்கு."

சரோஜாக்கா

சாமுவேலின் மனைவி சரோஜாக்கா. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் சலங்கை கோர்க்கிற வேலை. பிறந்தது எடப்பாடிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில்; கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் சபைக்கு வந்தவர். பிறந்த வீட்டு வழக்கப்படி பெண்கள் இடுகாட்டுக்குப் போகமாட்டார்கள். அதனால் அடக்கத்தன்று வாசல் கேட்டோடு நின்றுவிட்டார். கல்லறைத் திருநாள் அன்றுதான் முதல்முறையாக உள்ளே வந்தார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "இதுதானக்கா" என்று மதில் பக்கத்துக் கல்லறையைக் காட்டினேன்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாது. ஆராதனை முடிந்ததும் அந்தச் செங்கல் மேல் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவார். மோட்டார் பழுதானது, மருமகன் சொல்லாமல் வண்டி வாங்கியது, பட்டறையில் புது மேஸ்திரி வந்தது எல்லாம். தூரத்தில் பெருக்கிக்கொண்டிருக்கும் எனக்கும் பாதி காதில் விழும். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சில வருடம் கழிந்தபின், குடும்பத்தார் எழுதிக் கேட்டால், அதே குழியைத் திறந்து கணவன் மேல் மனைவியை வைக்கலாம். சரோஜாக்கா அதற்கும் கையெழுத்துப் போட்ட கடிதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

"எனக்குத் தனியா எடம் வேண்டாஞ் சாமி. அவுரு மேலயே வெச்சுரு. இருக்கறப்பத்தான் ஆளுக்கொரு மூலைல படுத்துக் கெடந்தோம்."

கருப்பு கிரானைட்

இந்த வருடம் புரட்டாசியில் தாவீது வாத்தியாரின் மூத்த மகன் வந்தார். நாமக்கல்லில் முட்டை வியாபாரம். குடும்பமாக வருடத்துக்கு ஒருமுறை திருநாளுக்கு வந்து, பெரிய மாலையாகப் போட்டுவிட்டுப் போகிறவர்கள். செங்கல்லை எடுத்துவிட்டு அப்பாவுக்குக் கருப்பு கிரானைட் போடப்போவதாகச் சொன்னார். அனுமதிச் சீட்டில் பதிவேட்டு எண் எழுத வேண்டும். பெரிய ஆளாட்டம் பதிவேட்டைப் பிரித்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: 'நாலாம் வரிசை, வேப்பமரத்துப் பக்கம், சாமுவேல். வேர் குறுக்கிட்டதால் கோடரி கொண்டுவந்து வெட்டப்பட்டது.'

கோடரி நினைவுக்கு வந்துவிட்டது. பட்டறைக்கு ஓடிப்போய் இரவல் வாங்கி வந்ததே நான்தான். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கிரானைட் இறங்கப்போவது சாமுவேல் மேல். அதில் வெட்டியிருக்கப்போவது வாத்தியார் பெயர். நாளைக்குச் சரோஜாக்கா கண்ணை மூடினால், கடிதத்தில் உள்ளபடி மதில் பக்கத்துக் குழியைத் திறந்து, அவரை வாத்தியார் மேல் வைப்போம். எதிரே மகன் சந்தோஷமாகச் செல்போனில் கல்லின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வெள்ளிக்கெழம கல்லு வந்துருமுங்க. ஒருக்கா போட்டா நூறு வருசத்துக்கு அசையாதுங்க."

செயலாளர் சொன்னது

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை. வேலை போய்விடுமோ என்று ஒரு பயம். அதைவிட, சரோஜாக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று. சத்தமில்லாமல், கல் வருவதற்குள் இரண்டு பெயரையும் மாற்றி எழுதிவிடலாமா என்றும் யோசித்தேன். கிரானைட் சரியான இடத்துக்குப் போய்விடும். வாத்தியார் வீட்டார் வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள், கவனிக்காமல்கூடப் போகலாம். ஆனால் ஆறு வருடம் உட்கார்ந்து தேய்ந்த செங்கல்லை விட்டுவிட்டுப் பெயர் மட்டும் இரண்டு அடி நகர்ந்தால் சரோஜாக்காவுக்குத் தெரியாதா?

மூன்றாம் நாள் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். முதலில் என்னிடம் ஒரு விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார். அதை மடித்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டியபின் பேசினார்.

"ஆறு வருசமா ஒருத்தரும் புகார் குடுக்கல. நாமளே போயி எதுக்கும்மா ஒரு ஃபைலத் தொறக்கணும்?"

நாமக்கல்லுக்கு ஒரு போன்

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. அதே சூட்டோடு நாமக்கல்லுக்குப் போன் போட்டேன். சரோஜாக்காவிடம் முதலில் போகத் தைரியமில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். மகன் எடுத்தார். பின்னால் முட்டை அட்டைகளை அடுக்குகிற சத்தம். சரோஜாக்கா ஞாயிறுதோறும் வந்து உட்காருகிறவரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

திட்டவில்லை. "எனக்கு அன்னைக்கே சந்தேகமுங்க. எங்கப்பாவ மதிலோரம் எறக்குன மாதிரித்தான் ஞாபகம். எழுத்துல போட்டிருந்துச்சுங்களே, நாம என்னத்தச் சொல்றதுன்னு உட்டுட்டனுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் அன்றைக்கே கேட்டிருந்தால் எத்தனையோ மிச்சமாகியிருக்கும். ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அப்படியானால் கல்லை மதில் பக்கம் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அட்டை அடுக்குகிறவர்களை நிறுத்தச் சொன்னார்.

"அந்தம்மா அங்கதான ஒக்காருவாங்க? அவங்க சரின்னு சொல்லட்டுமுங்க. அதுவரைக்கும் கல்லு குடோன்லயே கெடக்கட்டும்."

பதிவேட்டோடு நின்ற ஞாயிறு

ஆராதனை முடிந்தது. சரோஜாக்கா வழக்கம்போல முந்தானையால் செங்கல்லைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். நான் பதிவேட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் எதிரே நின்றேன். மழை, சீட்டு, என் திமிர், ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பதிவேட்டில் இருந்ததைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு தான் உட்கார்ந்திருந்த செங்கல்லைப் பார்த்தார். சட்டென்று எழுந்து, தெரியாத ஆள் மடியில் உட்கார்ந்துவிட்டவர் போல இரண்டு அடி தள்ளி நின்றார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குரல் ஏறவே இல்லை. "அவுரு சாகறப்ப நாங்க பேசிக்கிட்டு இருக்கல எஸ்தரு. புள்ள கல்யாணத்துல ஒரு சண்ட. மூணு மாசம் மொகங்குடுத்துப் பேசல. அப்படியே வேலைக்குப் போனவரு ஆலையிலயே உழுந்துட்டாரு. ஒரு வார்த்த சொல்லோணும் சொல்லோணும்னு ஆறு வருசமா இங்க வந்து மோட்டாரு, மருமகன்னு என்னத்தையோ பேசிட்டு எந்திருச்சுப் போயிருவேன். வாயே வராது" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. சுண்ணாம்பின் மேல் எழுதியிருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசந்தான் வாயத் தொறந்து, தப்பு என்ற மேலதான்னு சொன்னேன். அதையும் இவுருகிட்டயா சொல்லியிருக்கறேன்?"

இரண்டடி தள்ளி

மூன்று ஞாயிறு சரோஜாக்கா வரவில்லை. அந்த மூன்று வாரமும் நான் பட்டதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். அவர் வீட்டு வாசல்வரை இரண்டு தடவை போய், கூப்பிடாமலே திரும்பினேன். திருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, பட்டறையிலிருந்து நேராக வந்தார். கையில் வெள்ளிப் பொடி அப்படியே இருந்தது. சுண்ணாம்பு அடித்து முடித்து, பின்வரிசைகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த நேரம். முருகேசன் அந்த இரண்டை மட்டும் கடைசிக்கு வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரோஜாக்கா முதலில் மதில் பக்கம் போனார். "வாத்தியாரே, எங்க ஊட்டுக் கதை பூராக் கேட்டுட்டீங்க. மனசுலயே வெச்சுக்குங்க" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு என் பக்கம் திரும்பி, "அவிய பையங்கிட்டச் சொல்லு, கல்லக் கொண்டாந்து போடட்டும்" என்றார். அப்புறம் வேப்பமரத்துப் பக்கம் வந்து நின்று, முருகேசனிடம் பெயரைத் தானே எழுத்து எழுத்தாகச் சொன்னார். முருகேசன் மஞ்சள் நிழல் போட்டு முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

எழுதி முடிந்ததும், ஈரம் படாத ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தார். நான் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், "என்னை மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அத அப்பறம் பாத்துக்கலாம். இப்ப நீ அந்தப் பக்கம் போ எஸ்தரு. எனக்கு எல்லாத்தையும் மொதல்ல இருந்து சொல்லோணும்."

என் தவறைத் திருத்த எனக்கு அரை டப்பா பெயின்ட் போதுமாக இருந்தது. சரோஜாக்கா மறுபடியும் மோட்டாரிலிருந்து ஆரம்பித்து அந்த ஒரு வார்த்தைக்கு வந்து சேர அதற்கப்புறம் ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.